கதையாகச் சொல்கிறார்கள், எழுதச் சொன்னால் பேனாவை மூடிவிடுகிறார்கள்

மாலைவகுப்பு:

வணக்கம். வயதுவந்தோர் எழுத்தறிவு வகுப்பு. 14 பேர், 28 வயதிலிருந்து 60 வரை. வாரம் இரண்டு நாள், நாளுக்கு 90 நிமிடம். எழுத்துகள் எல்லோருக்கும் தெரியும். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதிவிடுவார்கள், சின்னப் பத்தி ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார்கள். தானாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால்தான் சிக்கல்.

ஆர்வம் வரட்டும் என்று கதைகளைக் கொண்டுவந்தாயிற்று. கேட்பதிலும் சொல்வதிலும் ஒரு குறையும் இல்லை, வகுப்பே களைகட்டுகிறது. "சரி, இப்போ இதையே எழுதுங்க" என்றதும் அடங்கிவிடுகிறார்கள். ஒன்றிரண்டு பேர் முதல் வரியோடு நிற்பார்கள். மற்றவர்கள் பக்கத்து நோட்டைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் கை வலி, கண்ணாடி மறந்துவிட்டது.

கதையிலிருந்து எழுத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? மிகவும் பின்தங்கிய மூன்று நான்கு பேரை என்ன செய்வது? பேசுகிற தமிழிலேயே எழுதட்டும் என்று விடலாமா, பிழைகளைத் திருத்த வேண்டுமா?

கோடுபோட்டநோட்டு:

கதையை முழுதாக முடித்துவிட்டு எழுதச் சொல்கிறீர்கள், அங்கேதான் அறுந்துபோகிறது. வாயால் சொல்லி, கேட்டு, சிரித்து முடித்த கதைக்கு எழுத்தின் தேவை தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுதச் சொன்னால் அது இம்போசிஷன்தான். அளவையும் பாருங்கள். ஐந்து நிமிடம் சொன்ன கதையில் 400 சொல்லாவது இருக்கும். நிமிடத்துக்கு ஐந்து சொல் எழுதுகிறவருக்கு அது 80 நிமிட வேலை, அதாவது உங்கள் வகுப்பு கிட்டத்தட்ட முழுவதும். பேனாவை மூடாமல் என்ன செய்வார்?

கதையை நடுவில் அறுங்கள். அறுத்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் கேளுங்கள்.

ஒரு மாதிரி: இரவு நேரம், பூட்டு திறக்கிறவர் ஒருவரை அழைக்கிறார்கள். அழைத்தவர், "சாவி தொலைஞ்சுபோச்சு, இது என் வீடுதான்" என்கிறார். இவர் பூட்டில் கை வைத்ததும் உள்ளேயிருந்து ஒரு குழந்தையின் குரல்: "திறக்காதீங்க." இங்கே நிறுத்திவிடுங்கள். இப்போது அவர் ஒரு வாக்கியம் பேச வேண்டும். வெளியே நிற்பவரிடமா, உள்ளே இருக்கும் குழந்தையிடமா என்பதையும் எழுதுகிறவரே முடிவு செய்யட்டும்.

கதை சொல்ல ஆறேழு நிமிடம் போதும். நிறுத்திய பிறகு ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. இதில் கண்டிப்பாக இருங்கள், முந்திப் பேசுகிறவருடைய வாக்கியம்தான் பிறகு 14 தாளிலும் வரும். எழுத நான்கு நிமிடம். நோட்டு வேண்டாம், அஞ்சலட்டை அளவுக்குத் துண்டுத்தாள் கொடுங்கள். முழுப் பக்கம் காலியாக முன்னால் கிடந்தாலே மிரள்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம், மடித்துத் தரட்டும். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒவ்வொன்றாக அந்தப் பாத்திரத்தின் குரலில் நீங்களே வாசியுங்கள். தாளில் பிழை இருந்தாலும் வாசிப்பு தடங்கல் இல்லாமல் போக வேண்டும், அதனால் மடித்து வாங்கியதும் ஒருமுறை மனதுக்குள் படித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படிதான் முக்கியம். நீங்கள் கையில் வைத்திருக்கும் முடிவை விட்டுவிட்டு, வந்த வாக்கியங்களில் ஒன்றை எடுத்து அதிலிருந்து கதையை நகர்த்துங்கள். நாம் எழுதினால் கதை திரும்பும் என்று கண்ணெதிரே தெரிய வேண்டும். ஊக்கம் என்று நாம் சொல்வது அங்கேதான் பிறக்கிறது. கதை எவ்வளவு சுவையாக இருந்தாலும் அது காதோடு நின்றுவிடும்.

எங்கே அறுப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "அடுத்து என்ன நடந்தது?" என்ற இடத்தில் நிறுத்தினால் ஆயிரம் வழி திறக்கும், ஒன்றும் பிடிபடாமல் பேனா நிற்கும். ஒரு பாத்திரம் பேச வேண்டிய இடம், ஒரு சீட்டு எழுதிவைக்க வேண்டிய இடம், போனில் ஒரு செய்தி அனுப்ப வேண்டிய இடம், இவற்றில் நிறுத்துங்கள். அளவு தானாகச் சுருங்கிவிடும். பெரியவர்களுக்கு அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்பதும் தெரியும், வாழ்க்கை முழுக்கப் பேசிவந்ததுதானே.

எல்லோருக்கும் தெரிந்த கதையை எடுக்காதீர்கள், தெரிந்த முடிவையே எழுதுவார்கள். நீதிக்கதையும் வேண்டாம், 14 தாளிலும் நீதி மட்டும் வரும். குழந்தைக்குச் சொல்கிற குழைவான குரலில் சொல்வதும் கூடாது. விலங்குகள் பேசினால் பரவாயில்லை, ஆசிரியர் மழலை பேசினால்தான் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள்.

முதல் இரண்டு வாரம் ஒரு வாக்கியத்துக்கு மேல் போகாதீர்கள். பிறகு அதே பூட்டுக்காரர் கதவில் ஒட்டிவிட்டுப் போகும் சீட்டு, மூன்று வரி. அதன்பின் மறுநாள் காவல் நிலையத்தில் அவர் எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம், ஆறிலிருந்து எட்டு வரி. கதை ஏற்கெனவே மனதில் இருப்பதால் என்ன எழுதுவது என்ற பாரம் குறைந்து, எப்படி எழுதுவது என்பதில் மட்டும் கவனம் போகும். ஒவ்வொரு நாளும் புதுக்கதை சொல்லிக் களைத்துப்போகாதீர்கள், ஒரே கதையை ஒரு மாதம் இழுக்கலாம்.

அகரவரிசை:

மேலே சொன்னது வாக்கியம் எழுத ஓரளவு முடிந்தவர்களுக்கு. அந்த மூன்று நான்கு பேருக்கு இது சரிவராது, அவர்கள் வெற்றுத்தாளை மடித்துத் தருவார்கள். அவர்களுக்கு முதலில் சொல்லி எழுதவைக்கும் முறை. அவர்கள் சொல்வார்கள், நீங்கள் எழுதுவீர்கள், அதுவே அவர்களுடைய பாடப்புத்தகம். அனுபவ மொழிமுறை என்று 1960களிலிருந்தே கையாண்டுவருவது.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். மூன்று நான்கு பேரைத் தனி மேசையில் உட்காரவையுங்கள். ஒரு பொருளோ படமோ நடுவில் இருக்கட்டும். ஐந்து நிமிடப் பேச்சு. பிறகு ஆளுக்கு ஒன்று இரண்டாக ஐந்திலிருந்து ஏழு வாக்கியம், மொத்தம் 30, 40 சொல்லுக்குள். பெரிய தாளில், ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி, சொல்லிக்கொண்டே எழுதுங்கள். சொல்லின் அடியில் விரல் ஓட்டி ஒருமுறை நீங்கள் படியுங்கள், அடுத்து சேர்ந்து, அடுத்து தனித்தனியாக. இன்னொரு தாளில் அதையே எழுதி வரிவரியாக வெட்டிக் கலைத்து அடுக்கச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் ஒவ்வொரு வரியையும் சொல்சொல்லாக வெட்டுங்கள். மூன்றாவது வகுப்பில் முழுப் பத்தியையும் கொடுத்து நான்கைந்து சொல்லை மட்டும் காலியாக விடுங்கள், நிரப்பட்டும். நான்காவதில் அந்தப் பத்திக்குப் பிறகு வரவேண்டிய ஒரு வாக்கியத்தை அவர்களே எழுதட்டும். பெரும்பாலும் இங்கேதான் முதல் சொந்த வாக்கியம் வரும்.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. தாங்கள் சொன்னதே என்பதால் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள், நாம் படிக்கிறார்கள் என்று நினைப்போம். வெட்டிய சொற்களைத் தனியாக, வரிசை மாற்றிக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். நாற்பதில் பத்துச் சொல்லையாவது தனியே அடையாளம் காணாவிட்டால் அடுத்த பத்திக்குப் போகாதீர்கள்.

சொல்லைப் பிரித்துப் பரப்புவதற்கு பாவ்லோ ஃப்ரேயிரே என்ற கல்வியாளர் பிரேசிலில் செய்தது தமிழுக்கு அப்படியே பொருந்தும். 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சியாக நடத்தினார். மக்கள் பேச்சிலிருந்து கனமான சொற்களைப் பொறுக்கியெடுத்து, அசை அசையாகப் பிரித்து, ஒவ்வோர் அசைக்கும் உயிர் மாற்றி ஒரு குடும்பம் எழுதிக்காட்டி, அதிலிருந்து புதுச் சொற்களை அவர்களையே கோக்க வைப்பது அந்த முறை. நம் உயிர்மெய் வரிசையே அந்தக் குடும்பம்தான். அவர்கள் கதையில் 'சாவி' வந்தால் ச, சா, சி, சீ என்று ஒரு வரி, வ, வா, வி, வீ என்று இன்னொரு வரி. இரண்டையும் வைத்துக்கொண்டு என்னென்ன சொல் வருகிறது என்று தேடட்டும். 247 எழுத்தையும் மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டிய அவசியமே இல்லை.

ஒகர வரிசையை மட்டும் தனியாகக் கவனியுங்கள். 'கொ' எழுதும்போது கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால். காதில் 'க்' முதலில் விழுகிறது, கை கொம்பில் தொடங்க வேண்டும். தானாக எழுதும்போது தயங்கி நிற்பது பல நேரம் இந்த இடத்தில்தான். கதை வராமல் நிற்கிறார் என்று நாம் தவறாக எடுத்துக்கொள்கிறோம்.

வலிமிகாஇடம்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா?

சொல்லி எழுதவைக்கும் பத்தியில் அவர்கள் வாயில் வந்ததையே எழுதுங்கள். "வந்துச்சு" என்று சொன்னவருக்கு நீங்கள் "வந்தது" என்று எழுதிக் கொடுத்தால், அவர் கண் ஒன்றைப் பார்க்கும், வாய் "வந்துச்சு" என்றே படிக்கும். ஒலிக்கும் எழுத்துக்கும் இருக்கும் தொடர்பைச் சொல்லிக்கொடுக்க வந்த இடத்திலேயே அதைக் குலைத்ததாகிவிடும். அதோடு, நான் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று அடுத்த முறை அளந்து பேசுவார்.

ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. பேச்சுக்கு நிலையான எழுத்துக்கூட்டு கிடையாது. வந்துச்சு, வந்திச்சு, அவங்க, அவுங்க என்று ஆளுக்கொரு விதம். மனு எழுத, படிவம் நிரப்ப வந்தவர்களுக்கு அது போதவும் போதாது. கதையில் ஒரு வசதி இருக்கிறது: மேற்கோள் குறிக்குள் பேச்சுத் தமிழ், வெளியே எழுத்துத் தமிழ். பூட்டுக்காரர் பேசும் வாக்கியம் எப்படியும் இருக்கலாம், கதவில் ஒட்டும் சீட்டும் அப்படியே. வாக்குமூலம் எழுத்துத் தமிழில். வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், எழுதும் வகையே அதைச் சொல்லிவிடும்.

ஐந்தாறு பத்திகள் சேர்ந்த பிறகு பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்பக்கம் பேசுகிறபடி, வலப்பக்கம் எழுதுகிறபடி என்று மாற்றும் பயிற்சி கொடுங்கள். சில வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும். போயிட்டாங்க, போய்விட்டார்கள். இருக்குது, இருக்கிறது. சொல்லின் கடைசியிலுள்ள ம், ன் பேச்சில் மூக்கொலியாகக் கரைந்துவிடும், ல், ள் பல சொற்களில் விழுந்தே போகும். அதனால் 'நா', 'அவ' என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள், காதில் கேட்டதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

பிழைதிருத்தம். எழுதும் நாளில் திருத்தவே திருத்தாதீர்கள். துண்டுத்தாள்களை எடுத்துக்கொண்டு போய், அதிகம் பேரிடம் வந்த ஒரே ஒரு வகைப் பிழையைத் தேர்ந்தெடுத்து, அடுத்த வகுப்பில் பத்து நிமிடம் பொதுவாக நடத்துங்கள். யாருடையது என்று சொல்ல வேண்டாம். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் குறில் நெடில், ஏனென்றால் படம் பாடமாகிவிடும், கல் காலாகிவிடும். அடுத்து நடுவில் விழும் ஒற்று, கட்டை கடையாகிவிடும். பிறகு விகுதி, வந்தானா வந்தாளா என்று தெரியாவிட்டால் கதையே புரியாது. ல, ள, ழவும் ர, றவும் அதற்கப்புறம். வலி மிகுதல் இந்த வகுப்பில் வேண்டவே வேண்டாம் (என் பெயரைப் பார்த்தும் கேட்காதீர்கள்). சந்திப் பிழையால் எந்த மனுவும் திரும்பி வந்ததில்லை.

கோடுபோட்டநோட்டு:

ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். திருத்தவே வேண்டாம் என்று விட்டால் சிலர் கோபப்படுவார்கள். பள்ளி என்றால் சிவப்பு மை என்றே மனதில் இருக்கிறது, திருத்தாத ஆசிரியர் அக்கறை இல்லாதவர். அப்படிப்பட்டவரிடம் முதலிலேயே, "எதை மட்டும் பார்க்கட்டும்?" என்று கேட்டு, அவர் சொன்னதை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டுக் கொடுங்கள். சரியான வடிவத்தை அவரே தேடி எழுதட்டும்.

மாலைவகுப்பு:

மிக்க நன்றி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். கற்பனைக் கதைக்குப் பதிலாக அவரவர் வாழ்க்கையையே எழுதச் சொன்னால் ஆர்வம் கூடுமா? பக்கத்து ஆளைப் பார்த்தே எழுதுகிறவரை எப்படிக் கையாள்வது?

வலிமிகாஇடம்:

சொந்தக் கதை வலுவான கருவிதான், தொடக்கத்தில் வேண்டாம். "உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள்" என்ற தலைப்பு கொடுத்தால், மறக்க முடியாத நாள் பலருக்கும் சாவு, பிரிவு, அவமானம். எழுதத் தெரியாததால் பட்ட அவமானமே அதில் பாதி. 90 நிமிட வகுப்பில் அதைத் திறந்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று அனுப்ப முடியாது. கற்பனைப் பாத்திரம் ஒரு மறைப்பு. தன் கதையைச் சொல்ல விரும்புகிறவர் பூட்டுக்காரரின் வாயில் வைத்துச் சொல்லிவிடுவார், விரும்பாதவர் சொல்லாமல் இருப்பார்.

சொந்த அனுபவம் வேண்டும் என்றால் வாழ்க்கையைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த ஒரு வேலையை, புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குப் படிப்படியாக எழுதிக்கொடுப்பது போல. அங்கே அவர்தான் ஆசிரியர், நீங்கள் மாணவர். நிஜமாகவே உங்களுக்குத் தெரியாததைக் கேளுங்கள், தெரிந்துகொண்டே கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு படியும் ஒரு வாக்கியம், ஏழெட்டுப் படிக்குள்.

அகரவரிசை:

பார்த்து எழுதுகிறவரைத் தடுக்காதீர்கள், பார்த்து எழுத முடியாத பணியாக மாற்றுங்கள். இருவர் இருவராக உட்காரவைத்து ஒரே கதையில் எதிரெதிர்ப் பாத்திரங்களைக் கொடுங்கள். ஒருவர் கதவுக்கு வெளியே, ஒருவர் உள்ளே. பேசக் கூடாது, ஒரே தாளில் மாறி மாறி ஒவ்வொரு வரி. முதலாமவர் எழுதியதைப் படிக்காமல் இரண்டாமவரால் பதில் எழுத முடியாது, பார்த்து எழுதினால் பதிலாகவும் இருக்காது. பத்து நிமிடத்தில் ஆளுக்கு நான்கைந்து வரி வரும். எழுத்து நிலையில் மிகவும் தள்ளி இருக்கிற இருவரைச் சேர்க்காதீர்கள், வேகமானவர் காத்திருந்து சலித்து வாயால் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடுவார்.

மேசைவிளக்கு:

கை வலி, கண்ணாடி என்பதைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். நாற்பது வயதுக்கு மேல் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது இயல்பு. படிக்கும் கண்ணாடி இல்லாமல் எழுதுகிறவர் எழுத்தைப் பெரிதாக்குவார், இல்லாவிட்டால் தாளைத் தள்ளிப்பிடிப்பார். வேறு வேறு பவரில் மூன்று நான்கு கண்ணாடி வகுப்பிலேயே இருந்தால் அன்றைய பாடு தீரும், சரியான அளவுக்குக் கண் பரிசோதனைக்கு அனுப்பத்தான் வேண்டும். அச்சிட்டுக் கொடுப்பதை 16 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவுக்குக் குறையாமல் கொடுங்கள். வரி இடைவெளி 12 மில்லிமீட்டராவது இருக்கட்டும், மேல்விலங்கும் கீழ்விலங்கும் மேல்வரி கீழ்வரியோடு மோதாது.

பழக்கமில்லாதவர்கள் பேனாவை இறுக்கிப் பிடித்துத் தாளில் அழுத்துவார்கள், ஐந்து நிமிடத்தில் நிஜமாகவே விரல் வலிக்கும். தாளின் மறுபக்கத்தைத் தடவிப் பாருங்கள், எழுத்து மேடாகத் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம். தடித்த பென்சில் அல்லது லேசாக ஓடும் ஜெல் பேனா கொடுங்கள். எழுதும் நேரத்தை நான்கு நிமிடமாக வைக்கச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

அகரவரிசை:

ஒன்று விட்டுப்போயிற்று. துண்டுத்தாள்களைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு மாதத்துக் கதையைத் தொகுத்து எட்டுப் பக்கச் சிறு புத்தகமாக்கிவிடலாம். இரண்டு ஏ4 தாள், இரண்டையும் நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று. வெளித்தாளின் ஒரு பக்கத்தில் 8, 1, மறுபக்கத்தில் 2, 7. உள்தாளில் 6, 3, பிறகு 4, 5. இந்த வரிசையில் தட்டச்சு செய்து நகலெடுத்து, மடிப்பில் இரண்டு பின் அடித்தால் முடிந்தது. 16 புள்ளியில் ஒரு பக்கத்துக்கு 60 சொல்லுக்கு மேல் திணிக்காதீர்கள்.

அச்சுக்குப் போகும்போது பிழைகளைத் திருத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் வெளியே காட்டக் கூச்சப்படுவார்கள். நீங்களே திருத்திவிடாமல் எழுதியவரோடு உட்கார்ந்து திருத்துங்கள். புத்தகத்துக்காகத் திருத்துகிறோம் என்றால் அதே சிவப்பு மைக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். பெயர் போடலாமா, புனைபெயரா, பெயரே வேண்டாமா என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள், எல்லோர் முன்னாலும் கேட்டால் மறுக்க முடியாமல் சரி என்பார்கள். பிரதி எடுக்கும்போது ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போடாதீர்கள். வீட்டில் காட்டக் கொண்டுபோன பிரதி திரும்பி வராது, ஆளுக்கு மூன்றாவது எடுங்கள்.

மாலைவகுப்பு:

போனில் பேசினால் எழுத்தாகிவிடுகிற வசதியைச் சிலர் கேட்கிறார்கள். விடலாமா?

கோடுபோட்டநோட்டு:

விடலாம், வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில். பேசி வந்த எழுத்தை அப்படியே அனுப்பாமல், தாளில் பார்த்தெழுதித் திருத்தட்டும். பேச்சு வழக்கில் பேசினால் அது நிறையத் தப்பாகப் போடும், நிறுத்தற்குறியும் பல போன்களில் சரியாக விழாது. அந்தத் தப்புகளைக் கண்டுபிடிப்பதே நல்ல வாசிப்புப் பயிற்சி, பிழை போனுடையது என்பதால் யாரும் வெட்கப்படுவதில்லை. மூன்று வரிக்கு மேல் பேசவிடாதீர்கள், திருத்த நேரம் போதாது.